தூக்குவாளிக்குப் பின்னால் போன விருந்தாளி

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. சுவரில் மாட்ட ஒரு தாள் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. சித்தி மகன் கார்முகில் அண்ணன் அவற்றுக்கு வெள்ளையடித்து, வெந்நீர்க் குழாய் வைத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறான். நேற்று என்னைக் கூப்பிட்டான்.

"நிலா, வர்றவுக எல்லாம் எங்கிட்டுப் போகலாம், என்ன பாக்கலாம்னு என்னையவே கேட்டுக் கொல்றாக. நீதான் எந்நேரமும் எதையாச்சும் கிறுக்கிட்டே இருக்கியே. ஒரு பக்கம் எழுதிக் குடு. லேமினேட் பண்ணி மாட்டிருவோம்."

நான் கிறுக்குவது அவனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அதிர்ச்சி. (இந்த நோட்டை வைக்கிற இடத்தை மாற்ற வேண்டும்.)

தாளின் முதல் வரி இப்படி வந்தது:

மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் தவழும் எழில்மிகு

அடித்துவிட்டேன். போடி எங்கேயும் தவழவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது.

இரண்டாவது முயற்சி:

போடிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போடிக்கு வருவதில்லை, போடி வழியாக மூணாறுக்குப்

இது உண்மை. ஆனால் அண்ணன் லேமினேட் பண்ண மாட்டான்.

மூன்றாவது முயற்சியில் தாள் பாதி நிறைந்தது. இன்று விடிகாலையில் ஒன்று நடந்தது. அது அந்தத் தாளில் அடங்கவில்லை. அதனால் நோட்டுக்கு வந்துவிட்டேன். இதை யாரும் வாசிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் உங்களை ‘வாசகரே’ என்று கூப்பிடுகிறேன். நேரில் வந்தால் ‘வாங்க’ என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதே, எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறார்கள் என்பதால்தான். நோட்டு எழுந்து நிற்கச் சொல்லாது.

2

தாளில் எழுதிய வரைக்கும் இங்கே தருகிறேன். கதை பிடிக்காவிட்டாலும் இதாவது உங்களுக்குப் பயன்படும்.

ரயில் இப்போது போடி வரைக்கும் வருகிறது. இறங்கியதும் குளிரைத் தேடாதீர்கள், குளிர் மேலே இருக்கிறது. போடிமெட்டுக்குப் போகிற நாளில் பூரி சாப்பிடாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணாதீர்கள்; எண்ணுகிறவர்களுக்குத்தான் முதலில் குமட்டும். மெட்டைத் தாண்டினால் கேரளா. செல்போன் எந்த டவரைப் பிடிப்பது என்று குழம்பிப்போகும். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை அங்கே டீக்கடையில் நின்றே சொல்லிவிடுங்கள். குரங்கணியில் மலையேற வேண்டுமென்றால் வனத்துறையில் அனுமதி வாங்குங்கள். கோடையில் தீ பயம் உண்டு. கொடுக்க மாட்டோம் என்றால் சண்டை போடாமல் காப்பி குடித்துவிட்டுத் திரும்புங்கள். மழைநாளில் அட்டை ஏறும். பிய்த்து எடுக்காதீர்கள், உப்பு வையுங்கள். தேவாரம் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால், நீங்கள் போகிற திசை அதற்கு எதிர்த்திசையாக இருக்கட்டும். பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் எங்கே என்று கேட்காதீர்கள். மலைதான் இருக்கிறது, நல்ல மலை, அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏலக்காய் வாங்கும்போது கிளிப்பச்சை நிறத்தில் மயங்காதீர்கள். ஈரத்துணியில் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணிக்கு வந்தால் காயைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.*

* ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டை நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது வளைவிலேயே எனக்கு வாந்தி வந்துவிடும். சந்திரவல்லி சித்தி மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிறவள். ஒருமுறை என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். பாதி வழியிலேயே, "இவ காய் பறிக்க வரல, ரோட்டுக்கு உரம் போட வந்திருக்கா" என்று எதிரே வந்த பஸ்சில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆகவே இந்தத் தாளில் மலைக்கு மேலே உள்ள எல்லாம் கேள்விப்பட்டவை. கீழே உள்ள பூரி மட்டும் என் சொந்த அனுபவம்.

3

இனி கதை.

தமிழினி ஒரு

தமிழினி என்ற பெண் தனியாக

தனியாக வந்தாள் என்று எழுதினால் உடனே ஏதோ சோகம் என்று நினைப்பீர்கள். ஒரு சோகமும் இல்லை. செங்கல்பட்டில் வேலை பார்க்கிறாள், பூஜை விடுமுறை கிடைத்தது, வந்து எங்கள் மாடியில் தங்கியிருக்கிறாள். ஊர் சுற்ற அவளுக்குக் கிடைத்தது இன்று ஒரு பகல்தான். ராத்திரி ரயில். குரங்கணி போக வேண்டும் என்று அண்ணன் மூலமாக ஜீப் சொல்லி வைத்திருந்தாள்.

"விடியக்காலம தெருமுனை டீக்கடைக்கு ஜீப்பு வரும். ஏறிக்கிடுங்க," என்று அண்ணன் சொல்லியிருந்தான். மதியச் சோற்றுக்கு நான் புளியோதரை கட்டினேன். செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால், வீட்டிலிருந்த எவர்சில்வர் தூக்குவாளியில் வைத்து, அவள் அறை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இங்கே கதை கொஞ்சம் நின்று, உங்களுக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதே டீக்கடை முன்னால்தான் தோட்டத்து ஜீப்பும் வரும். காய் பறிக்கிற பெண்கள் வந்ததும் தங்கள் தூக்குவாளியைக் கடைக்குப் பக்கத்துக் குட்டைச்சுவரில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கங்காணி மகாராஜன்தான் ஜீப்பையும் ஓட்டுகிறவர். அவர் ஆளை எண்ணமாட்டார், வாளியை எண்ணுவார். "ஆளு ஒரு எடத்துல நிக்காது. வாளி நிக்கும்," என்பார். எண்ணிக்கை சரியாக இருந்தால் வாளிகளை முன்சீட்டுப் பக்கம் அடுக்கிவிட்டு, "ஏறுங்க தாயி, வெரசா," என்று வண்டியைக் கிளப்பிவிடுவார்.

தமிழினி தன் வாளியைச் சுவரில் வைத்துவிட்டு மலையை போட்டோ எடுத்தாள்.

(இந்த இடத்தில் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். படித்த பெண், வண்டியைப் பார்த்தால் தெரியாதா? நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். அவளைக் கொஞ்சம் அசடாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் அசடில்லை. உங்கள் சாப்பாட்டை ஒருவர் மரியாதையாக எடுத்து ஜீப்பில் வைத்து, ‘ஏறுங்க தாயி’ என்றால் நீங்களும் ஏறுவீர்கள்.)

உள்ளே இருந்த பெண்கள், அரையிருட்டில் மழைக்கோட்டும் தலையில் துண்டுமாக ஏறியவளைப் பார்த்து, யாரோ தன் வீட்டு ஆளை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவள் தூங்கிவிட்டாள்.

4

வாளி எண்ணிக்கை நிறைந்ததால் கீழே விடப்பட்டவள் என் சித்தி.

அவளுக்கு நேற்றுக் காய்ச்சல், போகவில்லை. அவள் இடத்தில் மருதாயி போனாள். பக்கத்துத் தெரு, இடம் கிடைக்குமா என்று தினமும் வாளியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு டீக்கடையில் நிற்பவள். இடம் இன்றும் காலி என்றால், இந்தப் பறிப்புக்காலம் முழுக்க அது மருதாயிக்குத்தான். அதுதான் பேச்சு. சித்தி காய்ச்சலோடு எழுந்து, மெதுவாக நடந்து போய்ச் சேர்வதற்குள் ஜீப்பின் பின்விளக்குதான் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து வாளியை நங்கென்று வைத்தாள்.

"நான் இல்லாம எண்ணிக்கை எப்பிடிடா நெறஞ்சுச்சு?" என்றாள் அண்ணனிடம்.

அண்ணன் போனில் கத்திக்கொண்டிருந்தான். குரங்கணி ஜீப் வந்து நிற்கிறது, விருந்தாளியைக் காணோம். "ஆத்தா, நீ வேற. அந்தப் புள்ள எங்க போச்சுன்னே தெரியல. நெட்டுல ஒரு ஸ்டாரு போட்டுவிட்ருவாக."

"ஒன் ஸ்டாருல இடி விழுக. எம்பொழப்பு போகுதுங்குறேன்."

அப்போது சித்தியின் செல் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சந்திரவல்லி அக்கா, மகாராஜன் பேசுறேன். போடிமெட்டு டீக்கடையில நிக்கிறேன். ஒங்க எடத்துல ஒரு புள்ள தூங்கிட்டு வந்திருக்கு. ஒங்க சொந்தமா? கூலிங்கிளாஸ் எல்லாம் வச்சிருக்கு."

"எங்க சொந்தத்துல கூலிங்கிளாஸ் மாட்டுனவ எவடா?"

"அப்ப இது யாரு?"

அடுத்து அவள் குரல். "ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி. என் சாப்பாடு உள்ள போச்சு, நானும் பின்னாடியே ஏறிட்டேன்."

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மகாராஜன் அவளுக்கு விளக்குவது எங்களுக்குக் கேட்டது.

"இந்தா பாரு தாயி. நீ இங்க எறங்குனா கீழ போக பஸ்சு இருக்கு. ஆனா அக்கா எடம் காலின்னு ஆயிரும், நாளையிலருந்து வேற ஆளு. நீ இன்னைக்கு ஒரு பொழுது காய் பறிச்சேன்னா, அக்கா ஆள் அனுப்புச்சுன்னு கணக்கு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"டேய்! ஊர் பாக்க வந்த புள்ளைகிட்ட என்ன பேச்சுப் பேசுற? எறங்கிப் பஸ்சுல வரச் சொல்லு," என்றாள் சித்தி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காய்ச்சல் வியர்வை என்று எழுதி வைக்கிறேன்.

"எவ்ளோ நேரம் ஆகும்ணா?" அது தமிழினி.

"சாயங்காலம் ஆயிரும்."

"அட்டை இருக்குமா?"

"இருக்கும் தாயி. பொய் சொல்லமாட்டேன்."

"ஆன்ட்டி, நான்"

டவர் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் மலையாளத்தில் ஒரு பெண் ஏதோ சொல்கிறாள்.

நான் அடித்துப் போட்ட பாதி வரிகள் இந்த நோட்டில் நிறைய. இது மட்டும் நான் விட்ட வரி இல்லை. அவளே விட்டது.

5

மதியமாகிவிட்டது. அவள் பை மாடியில் இருக்கிறது. செய்தி இல்லை. முடிவைத் தெரிந்துகொள்ளாமலேயே எழுத முடியுமா என்று பார்க்கிறேன்.

முடிவு ஒன்று. அவள் இறங்கிவிட்டாள். மெட்டு வரை வந்தாயிற்று, அப்படியே பஸ் பிடித்து மூணாறு போய்விட்டாள். நான் அடித்த இரண்டாவது வரி சரியாகிவிடும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு இருந்தது ஒரு பகல், அதை அவள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

முடிவு இரண்டு. அவள் பறித்தாள். மழைக்கோட்டோடு செடி அடியில் குந்தி, பிஞ்சையும் முற்றின காயையும் ஒன்றாக உருவினாள். பக்கத்தில் இருந்தவள், "ஏ கண்ணாடி, பிஞ்ச விடுடி, அடுத்த தடவைக்கு நாங்க எங்க போறது?" என்றாள். எல்லோரும் சிரித்து, ஆளுக்கொரு கை அவள் கூடையில் போட்டார்கள். சித்தியின் இடம் தப்பியது.

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது. தோட்டத்தைப் பார்க்காதவள் எழுதிய தோட்டம் இது. அதில் அட்டைகூட இல்லை பாருங்கள்.

முடிவு மூன்று. அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, தாள் முடிஞ்சிச்சா?" என்று கேட்டான். நோட்டை மடியில் அமுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். "கடைசியில, ‘விருந்தாளிகள் ஜீப்பு நம்பரைப் பாத்து ஏறவும்’னு போடு, பெருசா." இது முடிவில்லை, எச்சரிக்கை.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மருதாயியைக் கெட்டவளாக எழுதினால் கதை சுலபமாகிவிடும். எழுதிப் பார்த்தேன், ‘வெற்றிச் சிரிப்பு’ என்றுகூட ஒரு வார்த்தை போட்டேன். அப்புறம் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவள் காலையில் கொண்டுபோன சோற்றைத் திரும்பக் கொண்டுவந்து பக்கத்துத் தெருவில் தன் வீட்டு வாசலில் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வார்த்தையை எடுத்துவிட்டேன். சித்திக்கு இடம் என்றால் அவளுக்கு இல்லை. எப்படி எழுதினாலும் ஜீப்பில் ஒரு ஆள் குறைவாகத்தான் உட்கார முடிகிறது.

6

வெயில் இறங்கிவிட்டது.

சித்தி மருந்து குடிக்க மறந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு ராத்திரி ரயிலு. சுடுதண்ணி போட்டு வையி," என்றாள் என்னிடம். போட்டுவிட்டேன்.

தெருமுனையில் தோட்டத்து ஜீப்பின் ஹாரன். மகாராஜனுடையதுதான், நீளமாக அடிப்பார். பெண்கள் இறங்குகிற சத்தம், சிரிப்பு. மாடி ஜன்னலிலிருந்து வண்டியின் மேல் தார்ப்பாய் மட்டும்தான் தெரிகிறது.

சித்தி எழுந்து நிற்கிறாள். ஆனால் நகரவில்லை. போய்க் கேட்க அவளுக்கு ரோசம் விடாது. பஸ்சில் வரச் சொல்லு என்றவள் ஆயிற்றே. அண்ணன் போனால் ஸ்டாரைப் பற்றித்தான் கேட்பான். மீதி இருப்பது நான்.

முடிவை இங்கேயே எழுதிவிட்டால் நான் கீழே இறங்கிப் போக வேண்டிய அவசியமே இருக்காது. எழுதாமல் விட எனக்கு வேறு காரணம் இல்லை. வாசகரே, உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சித்தியின் இடத்தில் யாரை உட்காரவைக்கிறீர்களோ, மருதாயி தெருமுனையில் நிற்பதையும் பார்த்துவிட்டு உட்காரவையுங்கள். தமிழினியைப் பஸ்சில் ஏற்றினால் அவளைத் திட்டாதீர்கள். ஜீப்பிலேயே விட்டால் அவளைத் தெய்வம் ஆக்காதீர்கள்.

என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. படியில் இறங்கும்போது இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டால் வந்துவிடும். ‘அக்கா, எறங்கிட்டீங்களா, பறிச்சீங்களா?’ குரல் வராவிட்டால் தமிழினியின் கையைப் பார்ப்பேன். ஏலக்காய் பறித்த கையின் வாசம் எனக்குத் தெரியும், அது கேள்விப்பட்டதில்லை, சித்தி கையில் முகர்ந்தது. ஆனால் கேட்டுப் பார்க்கத்தான் போகிறேன். ஜீப் கிளம்பப் பார்க்கிறது, நான் போய்