அப்பாவின் முகத்தில் இருந்தது

அவர்களுடைய போட்டோ ஸ்டுடியோவில் அண்ணன் படம் எடுப்பான். தங்கை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதற்கு டச்சிங் செய்வாள். பரு, மரு, தழும்பு எது கண்ணில் பட்டாலும் அவள் கை சும்மா இருக்காது. சொட்டைத் தலையில் முடி முளைக்க வைப்பதுதான் பாக்கி என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள்.

அப்பேர்ப்பட்டவளின் மூக்கோரத்திலேயே மஞ்சளாக ஒரு கட்டி வந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்றுதான் வெட்டி எடுக்கப் போனாள். வெட்டியதைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டர், அடுத்த முறை கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். தோலின் எண்ணெய்ச் சுரப்பியில் வந்த கட்டியாம். இந்தக் கட்டியால் ஆபத்தில்லை. ஆனால் சில குடும்பங்களில் குடலிலும் கருப்பையிலும் புற்றுநோயைக் கொண்டுவரும் கோளாறு ஒன்று வழிவழியாக வரும். அது சிலருக்கு முதலில் இப்படி முகத்தில் தலைகாட்டும். ரத்தப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது. கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் காப்பாற்றிவிடலாம், கூட்டி வாருங்கள் என்றார்.

கூடப் பிறந்தவன் ஒருவன்தான். அவன் இமையோரத்திலும் அதே மஞ்சள் கட்டி. போதாக்குறைக்குக் கொஞ்ச நாளாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கேட்டால் சூடு என்பான்.

"அப்பாவும் குடல் புத்துநோய்லதானேண்ணே போனாரு? அவரு மூஞ்சிலயும் இது இருந்துச்சு."

"எங்க இருந்துச்சு? காட்டு பாப்போம்."

அவன் கை நீட்டியது சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தை. முகம், கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. தொழில் கற்ற புதிதில் அப்பா சந்தோஷப்படுவாரென்று அவளே வழித்தெடுத்த முகம். ஒன்று விடாமல் எல்லாப் படங்களையும் சுத்தம் செய்து, பழையதன் மேலேயே சேமித்துவிட்டாள். ஊருக்கெல்லாம் படம் பிடித்த குடும்பத்தில் அப்பாவின் உண்மையான முகம் ஒரு படத்தில்கூட இல்லை. தன் கையைத் தானே உடைத்துக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது அவளுக்கு.

"நான்தாண்ணே அழிச்சேன்."

"நல்ல கதை. உனக்கு வந்துட்டா எல்லாருக்கும் வரணுமா?"

அதன்பின் ஜன்னல் இல்லாத அந்த ஒற்றை அறை ஸ்டுடியோவில் இருவரும் நாள் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். வெளியே போனாலும் அவனைப் பற்றிய நினைப்பு, உள்ளே வந்தாலும் அவன். மூச்சு முட்டியது. இப்படியும் ஒரு அழுத்தக்காரன் இருப்பானா என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

ஒரு மத்தியானம் விளக்கை நகர்த்தப் போனவன் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தான். முகமெல்லாம் வேர்வை. அவள் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இருந்துச்சு," என்றான். "தாடையில மூணு. படுக்கைல கிடந்தப்ப நான்தானே சவரம் பண்ணிவிட்டேன். பிளேடு படாம ஒதுக்கி ஒதுக்கி வழிப்பேன்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏண்ணே..."

"எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கே. எனக்கு இருக்குன்னு சொல்லிட்டா அவளுங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?" நிமிர்ந்து அவளைப் பார்த்துக் கேட்டான். "அவளுங்க படமெல்லாம் நீதானே பண்றே. எதாவது இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லிவிடத் துடித்தாள். பொய்யாகக்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலண்ணே. கை பாட்டுக்கு அழிச்சுக்கிட்டே போகும். நான் எங்க முகத்தப் பாத்தேன்? முகத்துல இல்லாட்டியும் உள்ள இருக்கலாமாம். மொதல்ல உனக்கு இருக்கான்னு பாக்கணும்."

அவன் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"நாளைக்குப் போலாம்," என்றான். பிறகு, "இருந்துச்சுன்னா அவளுங்ககிட்ட நீ சொல்றியா?"

அவள் அவன் தோளில் கை வைத்தாள்.

"நான் கூட இருக்கேன். நீதாண்ணே சொல்லணும்."