பதினாலு பாட்டில்

டேனரிக்கு வருகிற வெளியாட்கள் கேட்டைத் தாண்டியதும் மூக்கைப் பொத்துவார்கள். ஜப்பான்காரர்கள் இரண்டு பேரும் பொத்தவில்லை. அதனாலேயே கன்னியப்பனுக்கு அவர்கள் மேல் சந்தேகம் வந்தது.

ராணிப்பேட்டையில் இருக்கும் அந்த டேனரியில் அவன் டிரம் செக்‌ஷன் மேஸ்திரி. தோலைப் பதப்படுத்தக் குரோம் ரசாயனத் தண்ணீரில் போட்டு உருட்டுகிற பெரிய பெரிய மர டிரம்கள். அவற்றுக்கு அவனையும் சேர்த்து இருபத்திரண்டு ஆட்கள். வந்தவர்கள் ஜப்பானில் ஏதோ ஒரு கடலோர ஊரில் இருக்கும் சின்ன மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காரர்கள். குரோம் மனுஷ உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்தார்கள். மூடியில் பெயர் இல்லை, நம்பர் மட்டும். மறுநாள் காலையில் சிறுநீர் பிடித்து வர வேண்டும்.

ஆபீசில் லேப் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கும் தௌசீப் அகமது தமிழில் எடுத்துச் சொன்னான். "யாருது எதுன்னு யாருக்கும் தெரியாது. பயப்படாதீங்க."

ஆபீஸ் பயப்படாதே என்று சொன்னால் பயப்பட வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஷூ கம்பெனியிலிருந்து ஆடிட் என்று வந்தவர்களும் சிரித்துக்கொண்டேதான் எல்லார் கையையும் திருப்பிப் பார்த்தார்கள். கையில் புண் இருந்த மூன்று பேரை அடுத்த திங்கட்கிழமை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டான்.

சாயங்காலம் கன்னியப்பன் உள்ளூர் ஆட்களை மட்டும் கூப்பிட்டான். அவனோடு பதினாலு பேர். மீதி எட்டு பேர் பீகார் ஆட்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"குரோம் தொடாதவன் ஒருத்தன் வேணும். நல்லா தெம்பான ஆளு" என்றான்.

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். கேட்டுக்கு எதிரே பிரேம்குமார் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயசு. பீடி இல்லை, தண்ணி இல்லை. நாற்பது லிட்டர் பால் கேனை ஒற்றைக் கையில் தூக்குவான்.

விஷயத்தைக் கேட்டதும் பிரேம்குமார் விழுந்து விழுந்து சிரித்தான். "எத்தினி பேருக்குண்ணா?"

"பதினாலு."

"பதினாலா! நான் இன்னா கறவ மாடா?"

அவன் பெண்டாட்டி கலையரசி கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னாள். "வீட்ல ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா இடுப்பு வலிக்கும் இவருக்கு. உங்களுக்குன்னா பதினாலு பாட்டிலு."

மறுநாள் விடியற்காலையிலிருந்து அவன் இளநீரும் தண்ணீருமாகக் குடித்துக் கடைக்குப் பின்னால் போய்ப் போய் வந்தான். எட்டு மணிக்குள் பதினாலும் நிறைந்துவிட்டன. "கடைசி ரெண்டு கொஞ்சம் கம்மிதான், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றான். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

எட்டு மாசம் கழித்து தௌசீப் கன்னியப்பனை லேபுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். கம்ப்யூட்டரில் அந்த ஆராய்ச்சிக் கட்டுரை திறந்திருந்தது. அந்த வருஷம் அந்தச் சின்னப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஐம்பது சொச்சம் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

"இருபத்திரண்டு பேர்ல எட்டு பேரைத்தான் கணக்குல எடுத்திருக்காங்க மேஸ்திரி. மீதி பதினாலும் ஒரே ஆளோடதாம். ரெண்டே வரில எழுதி ஒதுக்கிட்டாங்க. முதலாளி அவ்வளவு தூரம் படிக்க மாட்டாரு."

கன்னியப்பன் தரையைப் பார்த்தான்.

"அந்த எட்டு பேருக்கும் குரோம் ஜாஸ்தி. அவங்க பாட்டில் நம்பரைக் காட்டினா பேக்கிங்குக்கு மாத்தணும், அதே சம்பளம் தரணும்னு முதல்லயே ஒப்பந்தம் போட்டிருக்காங்க. முதலாளியும் ஒத்துக்கிட்டாரு." தௌசீப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். "அது போவட்டும். எனக்குத் தனியா ஒரு லெட்டர் வந்திருக்கு."

படித்துக் காட்டினான். பதினாலு பாட்டிலுக்குச் சொந்தக்காரர் யாரென்று நாங்கள் கேட்கவில்லை. அவர் சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறது. சிறுநீர்ப்பையில் கட்டி இருக்கிறவர்களுக்கு வரும் ஒரு புரதமும் இருக்கிறது. பதினாலிலும் இருக்கிறது. இந்த நிலையிலேயே பார்த்தால் பெரும்பாலும் குணமாகும். தயவுசெய்து அவரைக் கண்டுபிடித்து உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

"யாருன்னு நானும் கேக்க மாட்டேன்" என்றான் தௌசீப். "தெரிஞ்சா முதலாளிகிட்ட சொல்லியாகணும். சொன்னா பதினாலு பேரும் வெளியே. நீங்களே கூட்டிட்டுப் போங்க. இந்த வாரமே."

"சரி பாய்."

"போவீங்கல்ல?"

"அதான் சரின்றேனே."

அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போனான். கேட்டிலிருந்து கடைக்கு முப்பது அடி. அந்த முப்பது அடியில் யோசனை வந்துவிட்டது. பிரேம்குமார் வாயில் எதுவும் நிற்காது. இவனுக்கு இன்று தெரிந்தால் நாளைக் காலை முதல் டீயோடு மேனேஜருக்குத் தெரியும். வேலை போனால் முதலில் போவது மேஸ்திரி வேலை.

"டேய் பிரேமு, ஒருவாட்டி ஆஸ்பத்திரில உடம்பைக் காட்டிக்கோ. வயசாவுதுல்ல."

"எதுக்குண்ணா? ஜப்பான்காரனே பார்த்துட்டான். அதுவும் பதினாலு வாட்டி! எதுனா இருந்தா சொல்லியிருக்க மாட்டான்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கன்னியப்பனும் சிரித்தான். இரண்டாவது டீ வாங்கிக் குடித்தான்.

அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தான். அடுத்த வாரம் ஆர்டர் நெருக்கடி. அப்புறம் தீபாவளி. தௌசீப் ஒரு தடவை நிறுத்திக் கேட்டான். "போனீங்களா?"

"போனோம் பாய். மருந்து குடுத்திருக்காங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு தௌசீப் அந்தக் கடிதத்தை அழித்தான். நல்ல மனுஷன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று கன்னியப்பனே நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் உயிரைக் காப்பாற்றியவன். இப்போது சொன்னால் ஒளித்து வைத்தவன். ஒரு மாசம் ஒளித்தவனுக்கும் மூன்று மாசம் ஒளித்தவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் தோன்றியது.

பீகார் ஆட்கள் எட்டு பேரும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தோல் அடுக்கினார்கள். கன்னியப்பன் டிரம் பக்கத்தில் நின்று புறங்கைப் புண்ணைச் சொறிந்துகொண்டே அவர்களைப் பார்த்தான். தன் பாட்டிலில் தன்னுடையதையே பிடித்திருந்தால் தானும் அங்கே உட்கார்ந்திருப்பான். பிரேம்குமாரைவிட அதுதான் அவனுக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது.

பங்குனியில் பிரேம்குமார் அவனைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டான். இளைத்திருந்தான்.

"அண்ணா, ஒண்ணுக்குப் போனா பீட்ரூட் தண்ணி மாதிரி வருது." அப்போதும் சிரித்தான். "உங்களுக்கு ரொப்பிக் குடுத்ததுல உள்ள வாஷர் போயிடுச்சு போல."

கன்னியப்பன் லீவு போட்டுவிட்டு அவனையும் கலையரசியையும் வேலூருக்குக் கூட்டிப்போனான். தங்கமான மனுஷன் என்று கேட்டில் பேசிக்கொண்டார்கள். ஸ்கேன், டெஸ்ட் என்று மூன்று நாள் ஆனது. பிரேம்குமாரை வார்டில் படுக்க வைத்துவிட்டு டாக்டரம்மா மற்ற இருவரையும் உட்காரச் சொன்னார். சிறுநீர்ப்பையில் கட்டி. எலும்புக்குப் போய்விட்டது.

"ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா உள்ளேயே சுரண்டி எடுத்திருக்கலாம்" என்றார்.

"அப்போ ஒண்ணுமே தெரியலியே டாக்டர்" என்று கலையரசி அழுதாள். "கல்லு மாதிரி இருந்தாரு. உள்ள இப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்கண்ணா."

"ஆமாம்மா. யாருக்குத் தெரியும்."

"நீங்க அன்னிக்கே ஆஸ்பத்திரில காட்டுன்னு சொன்னீங்க. இவருதான் கேக்கல." அவள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கன்னியப்பன் அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டான்.

வார்டில் நர்ஸ் இன்னொரு டெஸ்டுக்குப் பாட்டில் கொடுத்திருந்தாள். பிரேம்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டே பாத்ரூம் போய் வந்தான். திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆனது. பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, காவி நிறத்தில்.

"இந்தாண்ணா, பதினஞ்சாவது" என்று நீட்டினான். "இதுல என் பேரையே போடச் சொல்லு."

பாட்டில் சூடாக இருந்தது. கன்னியப்பன் நர்ஸிடம் பெயர் எழுதி ஒட்டி வாங்கிக்கொண்டு லேப் வரிசையில் நின்றான். கவுண்டரில் இருந்த பெண் லேபிளைப் பார்த்தாள்.

"பிரேம்குமார் நீங்களா?"

"இல்லம்மா. டேனரி கேட்டாண்ட டீக்கடை வெச்சிருக்கான்."

அவள் வாங்கி டிரேயில் வைத்தாள். கன்னியப்பன் குழாயில் கையைக் கழுவினான். சோப்புப் பட்டதும் புண் எரிந்தது. மணி பார்த்தான். இரண்டு மணி ஷிஃப்டுக்குப் போக இன்னும் பஸ் இருந்தது.