ஜாதகக் கோப்பில் இருந்த மருந்துச் சீட்டு

அன்று ஹைதராபாத்தில் எங்கள் லோத்குண்டா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: சம்பந்தமாகிய நான், என் மனைவி மங்கையர்க்கரசி, எங்கள் ஒரே மகள் அனுபமா, காஞ்சன்பாக் ராணுவ ஆராய்ச்சிக் குவார்ட்டர்ஸிலிருந்து பெண் பார்க்க வந்த சின்னசாமி, அவர் மனைவி கனகவல்லி, மகன் சங்கர். பிறகு, வாசற்படியில் பெட்டியும் கையுமாக டேனியல். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பக்கத்து வீட்டு லக்ஷ்மிநாராயணன் அன்று திருப்பதியில் இருந்தார்.

சங்கரும் அனுபமாவும் ஒரே ஆபீஸ். இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. பெரியவர்கள் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவன் நான். மயிரிழை விரிசல் இருந்தாலும் இரும்பைத் திருப்பி அனுப்புவேன். அந்தப் பழக்கத்தில் குடும்பத்துக்கும் ஒரு சான்றிதழ் வைத்திருந்தேன்: எங்கள் வம்சத்தில் மூன்று தலைமுறையாகச் சர்க்கரை வியாதி கிடையாது. கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வேன். அந்த நாளுக்கு நாலு வருஷம் முன்பு எனக்கே அது வந்தபோது, சான்றிதழைத் திருத்துவதைவிட வியாதியை மறைப்பது சுலபமாகப் பட்டது.

தெருமுனைக் கடையில் வாங்க முடியாது. கடைக்கார ராகவேந்திரா மாத்திரையின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டேதான் அலமாரியில் தேடுவார். அதனால் மாதாமாதம் பஸ் ஏறி செகந்திராபாத் போவேன். இரண்டாயிரத்துப் பதிமூன்றில், கம்ப்யூட்டரில் கேட்டால் மருந்து வீட்டுக்கே வரும் என்று பேப்பரில் படித்தேன். இதைவிட ரகசியமான வழி உண்டா?

அனுபமா ஆபீஸ் போன பிறகு அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். மருந்து விற்கும் அதே தளத்தில்தான் அவள் முகத்துக்கு கிரீம் வாங்குவாள். அவள் கணக்கு திறந்தே இருந்தது, பெயரும் அவளுடையதே. சம்பந்தம் என்ற பெயர் மருந்துப் பெட்டியின் மேல் ஊரைச் சுற்றக்கூடாது என்று அதை அப்படியே விட்டேன். டாக்டர் சீட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, அசலை அனுபமாவின் ஜாதகக் கோப்பில் ஒளித்தேன். அதை என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள்.

திங்கட்கிழமை வரும் என்றார்கள். சனிக்கிழமையே வந்தது. சின்னசாமியிடம் நான் மூன்றாவது தடவையாகச் சான்றிதழைப் படித்துக்கொண்டிருந்த நேரம்.

"அனுபமா மேடம் வீடுதானே?" என்றார் வாசலில் நின்றவர்.

"அட, தமிழா நீங்க!" என்று சின்னசாமி மகிழ்ந்தார்.

"ஹவ் சார்" என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டார். "டேனியல். ரயில்வே குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளர்ந்தவன். மேடத்துக்கு மூணு மாச சுகர் மாத்திரை வந்திருக்கு. டாக்டர் சீட்டைப் பார்த்துட்டுத்தான் குடுக்கணும்."

கனகவல்லி வாயருகே கொண்டுபோன கேசரியைக் கிண்ணத்துக்கே திருப்பினார்.

"நக்கோ, நக்கோ" என்று நானும் அதே பாணியில் மறுத்தேன். "வேற வீடா இருக்கும்."

"கைக்கு சார்? ஏன் வேற வீடு? அட்ரஸ் சரியாத்தான் இருக்கு."

அனுபமா பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகம் என்ன சொன்னதோ, "எனக்குத்தான்" என்றாள்.

"இந்த வயசிலயா?" என்றார் கனகவல்லி, மெதுவாக. சங்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நான் பேசியிருக்க வேண்டும். என் கண்ணோ ஜாதகக் கோப்பின் மேல் இருந்தது. பொருத்தம் பார்க்க நானே மறதியாகக் கொடுத்துவிட்ட அது சின்னசாமியின் மடியில் இருந்தது. மங்கையர்க்கரசி என் பக்கம் குனிந்து, "என்னங்க, வாயில முறுக்கா இருக்கு?" என்றாள். அவளுக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ, இன்றுவரை நான் கேட்கவில்லை.

"எனக்கு" என்றேன். "மாத்திரை எனக்கு. நாலு வருஷமா. சீட்டு உங்க மடியில இருக்கு."

சின்னசாமி கோப்பைப் புரட்டினார். ராசிக் கட்டத்துக்குப் பின்னாலிருந்து என் சர்க்கரை அளவு வெளியே வந்தது. டேனியல் அதை வரி வரியாகச் சரிபார்த்தார். தரப் பரிசோதனைக்கு ஏற்ற ஆள்.

"அப்போ அந்த மூணு தலைமுறை, அண்ணாச்சி?" என்றார் கனகவல்லி.

"நான் நாலாவது."

அவர் சிரிக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினார். "நீங்களும் சொல்லிருங்க." சின்னசாமி கூரையைப் பார்த்தார். "இவங்க சுகர் மாத்திரைக்கு மலக்பேட் வரைக்கும் போறாங்க அண்ணாச்சி. குவார்ட்டர்ஸ்ல தெரியக்கூடாதாம். ராணுவ ரகசியம்!" பிறகு வாசலைப் பார்த்து, "தம்பி, காஞ்சன்பாக்குக்கும் வருவீங்களா?"

"கேட் வரைக்கும் வருவோம்மா."

"பெட்டியில பேரு தெரியுமா?" என்றார் சின்னசாமி.

"பெரிசாத் தெரியும் சார்."

"என் பேர்ல மட்டும் போட்றாதீங்கப்பா" என்றான் சங்கர்.

தையில் கல்யாணம் நடந்தது. மகள் பழியை ஏற்ற அந்த நொடியே நான் சிங்கம்போல எழுந்து உண்மையைச் சொன்னதாக லக்ஷ்மிநாராயணன் லோத்குண்டா முழுவதும் சொல்லி வருகிறார். தவறு. நான் எழுந்திருக்கவே இல்லை. சொல்வதற்கு ஒரு முழு முறுக்கு தின்னும் நேரம் ஆயிற்று.