மூன்றாவது பதில்

என் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மூணு" என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் நான் மூன்றாவது பிள்ளை என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. நாங்கள் இருவர்தான். எப்போது பார்த்தாலும் மூன்றாவது பதிலையே தேர்ந்தெடுப்பேன் என்பதால் வந்த பெயர் அது. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சின்ன வயதில் 'விளக்குக்காரன்' என்று ஒரு வீடியோ கேம். ஐந்து பாகங்கள் வந்தன, ஐந்தையும் நாங்கள் விடவில்லை. தோளில் ஏணியும் கையில் எண்ணெய்க் குடுவையுமாக ஒரு ஒல்லி ஆள் இருண்ட ஊர்களுக்குள் போய் ஒவ்வொரு விளக்காக ஏற்றுவான். வழியில் யாராவது நிறுத்தி ஏதாவது கேட்பார்கள். ஒரு கிழவர் வந்து, "என் ஆட்டைக் காணோம், தேடித் தருவாயா?" என்பார். உடனே திரையின் அடியில் மூன்று பதில்கள் வரும். முதலாவது நல்ல பதில், இரண்டாவது மழுப்பல், மூன்றாவது சுத்த வாய்க்கொழுப்பு. எனக்கு அப்போது எழுத்துக்கூட்டத்தான் தெரியும் என்பதால், அண்ணன் குரலை மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுவான்.

ஆட்டத்தை ஓட்டுவது அவன், வாய் மட்டும் நான். முதலில் மூன்றைத்தான் அழுத்துவேன். "உன் ஆட்டை நான்தான் தின்றேன், போய்யா!" என்று விளக்குக்காரன் சொன்னதும் கிழவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார், பாட்டு நின்றுவிடும். நாங்கள் தரையில் விழுந்து புரண்டு சிரிப்போம். சிரித்து ஓய்ந்ததும் அண்ணன் "லோட்" என்பான். விளக்கு ஏற்றும் இடத்தில்தான் ஆட்டம் சேமிக்கப்படும், கடைசியாக ஏற்றிய விளக்கிலிருந்து மறுபடி தொடங்கும். அதே கிழவர் வந்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி, அதே ஆட்டைப் பற்றிக் கேட்பார். இந்தத் தடவை ஒன்றை அழுத்துவேன். அவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

வளர்ந்த பிறகும் அது எங்களை விடவில்லை. நான் பார்க்கும் வேலையே அதிலிருந்து வந்ததுதான். குடிநீர் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்தால், "புகாருக்கு எண் ஒன்றை அழுத்தவும், கட்டண விவரத்துக்கு எண் இரண்டை அழுத்தவும்" என்று ஒரு குரல் கேட்கும் இல்லையா, அதை எழுதுகிற ஆள் நான். பொறுமை இழந்து கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்களுக்கும் ஒரு எண் வைத்தால் நன்றாக இருக்கும் என்று மேலதிகாரியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவளும் நான்தான்.

எங்கள் இருவருக்குள்ளும் இந்த விளையாட்டு நிற்கவே இல்லை. கல்யாணம் முடிவானதும் அண்ணன் என்னிடம்தான் முதலில் சொன்னான். "அந்தப் பொண்ணுக்கு இதைவிட நல்லவன் கிடைக்கலையா?" என்றேன். "லோட்" என்றான். "ரொம்ப சந்தோஷம்டா" என்று சொல்லிக் கட்டிக்கொண்டேன். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட இதைச் சொல்லித்தான் தாங்கினோம். அண்ணி அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அவருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பான். அன்றைக்குக் கேட்கவில்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். அண்ணி கைப்பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. இதையெல்லாம் பார்த்த பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரு" என்றான் அண்ணன். "வாடகை எல்லா இடத்துலயும் எங்கயோ போயிடுச்சு. உன் பின்பக்க ரூம் சும்மாதானே கிடக்கு. ஒரு ஆறு மாசம் நாங்க அதுல இருந்துக்கலாமா?"

நான் தனியாள். அந்த அறையில் இஸ்திரி மேசையையும் பழைய பெட்டிகளையும் தவிர ஒன்றும் கிடையாது. அவன் கேட்டு முடிப்பதற்குள் என் மனது சரி சொல்லிவிட்டது. ஆனால் வாய் இருக்கிறதே! நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"வர்றவங்க போறவங்கல்லாம் தங்க இது என்ன சத்திரமா? வேற இடம் பாருங்க."

சொல்லிவிட்டு, அவன் "லோட்" என்பதற்காகக் காத்திருந்தேன். சிரிப்பை வேறு அடக்கிக்கொண்டிருந்தேன். அவன் சொல்லவில்லை. தலையைக் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி எழுந்து, "வாங்க, போலாம்" என்றார். "சரி, பாக்குறோம்" என்று அவனும் எழுந்தான்.

அப்போதும் எனக்கு விளையாட்டுதான். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வருவான், இந்தத் தடவை கொஞ்சம் நீட்டி விளையாடுகிறான் என்று நினைத்தேன். மூன்று பேருக்கும் டீக்குத் தண்ணீர்கூட வைத்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார். அண்ணன் அவர் கைப்பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். அடுப்பில் தண்ணீர் கொதித்துத் தளதளத்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம்தான் எடுத்தான்.

"அண்ணா, நான் சும்மா சொன்னேன்டா. நீ ஏன் லோட் சொல்லல?"

"சும்மாதான்னு எனக்குத் தெரியும், மூணு. அவளுக்கு எப்படித் தெரியும்?"

"நீ சொல்லிப் புரிய வச்சிருக்கலாமே!"

"லோட் பண்ணா ஆட்டம் எங்கேருந்து ஆரம்பிக்கும், சொல்லு?" என்றான்.

"கடைசியா ஏத்தின விளக்குலேருந்து."

"ஆட்டுக்காரக் கிழவர்கிட்ட வர்றதுக்கு முந்தி, கடைசி விளக்கு எங்க இருந்துச்சு?"

யோசித்தேன். தெரியவில்லை. எனக்குக் கிழவர்தான் தெரியும்.

"சதுப்புக்கு அந்தப் பக்கம்" என்றான். "பாலத்தைத் தாண்டணும், நாய்ங்ககிட்ட மாட்டாம வரணும். செத்தா முதல்லேருந்து. நீ மூணை அழுத்திச் சிரிச்சிட்டு, தண்ணி குடிக்க, பாத்ரூம் போகன்னு ஓடிடுவ. நான் உக்காந்து அத்தனையும் மறுபடி நடப்பேன். கிழவர் வாயத் திறக்கிற நேரத்துக்குச் சரியா வந்து நிப்ப."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ அப்படிச் சிரிப்பியே" என்றான். கொஞ்சம் கழித்து, "இப்போ நடக்க முடியல, மூணு. முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

அன்றைக்கு என்னால் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. சின்ன வயதில் எத்தனை கிழவர்கள், எத்தனை ஆடுகள்! ஒவ்வொன்றுக்கும் எனக்கு இரண்டு பதில் கிடைத்தது, அவனுக்கு இரண்டு மடங்கு நடை. அந்தக் கணக்கில்தான் நான் பெரியவளாகவும் ஆகியிருக்கிறேன். நான் கொட்டுவேன், யாராவது துடைத்து வைத்துவிட்டு மறுபடி வந்து நிற்பார்கள். அலுவலகத்தில் என்னோடு யாரும் சாப்பிட உட்காராததற்குப் பொறாமைதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணி கதவைத் திறந்தார். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அவர் கையில் ஒட்டுகிற டேப் இருந்தது.

"வாங்க" என்றார். எப்போதும் என்னை வா, போ என்று பேசுகிறவர்.

நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். ஒரு விளையாட்டு அண்ணி, அதில் ஒருத்தன் விளக்கேற்றுவான், ஒரு கிழவரின் ஆடு காணாமல் போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது என் குரல் எனக்கே சகிக்கவில்லை. நாற்பது தாண்டிய பொம்பளை, நேற்று ஒரு மனுஷியை வீட்டைவிட்டு அனுப்பியதற்கு இன்றைக்கு ஆட்டுக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணி டேப்பைக் கிழித்து ஒட்டியபடியே கேட்டார். லோட் செய்தால் திரும்ப நடக்க வேண்டும், அதை அண்ணன்தான் நடப்பான் என்பதையும் சொல்லி முடித்தேன்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறத பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். "என்னைப் பத்திதான் ஏதோ கேலின்னு நினைச்சுக்குவேன்."

அவர் அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட கேக்க அவருக்கு அவ்ளோ வெக்கம். அதுக்கு முந்தின ரெண்டு நாளும் உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பி வந்தாரு. ஞாயித்துக்கிழம நான்தான் தைரியம் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். தங்கச்சிதானே, என்ன சொல்லிடப் போறான்னு."

"தப்பு அண்ணி. பெரிய தப்பு. நீங்க ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துடுங்க."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது என்ன சத்திரமா?" என்றார். "வேற எடம் பாருங்க."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்குக் கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருந்தது. என் வார்த்தை, என்னுடைய அதே குரல். விளையாடுகிறாரா, நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? ஒன்று மட்டும் தெரிந்தது. இந்த முறை நடக்க வேண்டியது நான்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நாலு மாடியும் இறங்கி, தெருவைத் தாண்டி, நான் வந்து இறங்கிய பஸ் நிறுத்தம் வரைக்கும் போனேன். அங்கே நின்றிருந்தவர்களில் ஒருவர், "பஸ் இப்பதான் போச்சும்மா" என்றார். தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழுது பார்க்க எடுத்துவரும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரைத் தோளில் வைத்துக்கொண்டு இந்தப் படிகளில் தினமும் ஏறுகிறவன் என் அண்ணன். ஒரு முறைகூட அவனுக்கு முட்டி எப்படியிருக்கிறது என்று கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

மணியை அடித்தேன். அண்ணி திறந்தார்.

"அண்ணி, நீங்களும் அண்ணனும் என் வீட்டுல வந்து இருக்கணும். ஆறு மாசம்னு இல்ல, எவ்வளவு நாள் வேணும்னாலும்."

என் வேர்வையையும் கண்ணையும் பார்த்தார்.

"ஒரு தடவதானே ஏறி எறங்கியிருக்கீங்க" என்றார்.

உண்மைதான். நான் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி படிப் பக்கம் திரும்பினேன். இரண்டு படி இறங்கியிருப்பேன். பின்னாலிருந்து கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும், வா. அவர் வர்றதுக்குள்ள இந்தப் பெட்டியெல்லாம் கட்டி முடிக்கணும். வந்தா தூக்கறேன்னு நிப்பாரு" என்று என் கையில் டேப்பைக் கொடுத்தார். "அது பாத்திரம். கனமா இருக்கும், அடியில பிடி."

அடியில் பிடித்துத் தூக்கினேன்.