மேசைக்கு வந்த மாத்திரை

நோய்களிலும் மேல்குலம் கீழ்க்குலம் உண்டு என்பது மருதப்பனின் கட்சி. சர்க்கரை குடும்ப நோய். கல்யாணப் பந்தியில் ஜாங்கிரியைத் தின்றுகொண்டே அதைப் பற்றிப் பேசலாம். இதய நோய் அதற்கும் மேலே. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நெஞ்சைத் தட்டி, "மூணு ஸ்டென்ட் வெச்சிருக்கு லா" என்று சொல்கிறவருக்கு உடனே நாற்காலி போடுவார்கள். மருதப்பனுக்கு வாய்த்ததோ எச்.ஐ.வி. அதற்கு நாற்காலி மட்டுமல்ல, பாய்கூடக் கிடையாது.

பதினாறு வருடங்களாக அந்த மாத்திரைகளை மீனெண்ணெய் டப்பாவில் போட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வந்தான். மறைக்க வேண்டிய ஆள் ஒருத்திதான். கணவர் இறந்தபின் குவீன்ஸ்டவுன் வீட்டில் அவனோடு வந்து சேர்ந்த அக்கா பஞ்சவர்ணம். லிட்டில் இந்தியாவில் மாதம் ஒருமுறை நடக்கும் இலவச உடல் பரிசோதனையில் அவள் தொண்டூழியர். ஊதா டீ-ஷர்ட்டை மாட்டிவிட்டால் பாதி டாக்டர். மீதிப் பாதியும் தானே என்று நினைப்பு.

அவன் ரகசியமாகப் போய்வரும் எச்.ஐ.வி. கிளினிக்கில் இந்த முறை டாக்டர் சாதியா ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"வைரஸ் டெஸ்ட்ல தெரியவே இல்ல. கொலஸ்ட்ராலும் நார்மல்."

"அப்ப வீட்டுக்குப் போகலாமா டாக்டர்?"

"இருங்க. ஆராய்ச்சிக்குன்னு கூடுதலா ரத்தம் குடுத்தீங்கல்ல? அதுல சிஆர்பி, டி-டைமர்னு அழற்சியையும் ரத்த உறைவையும் காட்டுற ரெண்டு அளவும் அதிகமா இருக்கு. வைரஸ் அடங்கியும் உங்க உடம்பு இன்னும் சண்டை போட்டுட்டே இருக்கு. அது ரத்தக் குழாயக் கெடுக்கும். மத்தவங்களவிட உங்களுக்கு ஹார்ட் அட்டாக் ரிஸ்க் கூட. கொலஸ்ட்ரால் நார்மலா இருந்தாலும் நீங்க ஸ்டாட்டின்னு ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடணும்."

எதிரி பதுங்கிய பிறகும் பட்டாளம் சுட்டுக்கொண்டே இருக்கிறதாம்; குண்டு விழுவது சொந்தக் கூரையில். மருதப்பன் பயந்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் மகிழவும் செய்தான். நெஞ்சுக்கு மாத்திரை! நாற்பத்தொன்பது வயதில் ஒருவழியாகக் கௌரவமான நோய்க்குத் தேறிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அந்த மாத்திரைப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் பகிரங்கமாக வைத்தான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

"என்னடா இது?" காலையில் அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொலஸ்ட்ரால் மாத்திரைக்கா."

"உனக்கா? போன மாசம் நான்தானே உன்னைக் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுத்தேன்? இந்த புளோக்கிலேயே உன் கொலஸ்ட்ரால்தான் நல்லாருக்கு. ரிசல்ட்ட ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன், பாரு!"

ஒட்டித்தான் இருந்தது, பள்ளிப் பிள்ளையின் சான்றிதழ் மாதிரி.

"சும்மா, முன்னெச்சரிக்கைக்கு..."

"சும்மா மாத்திரை குடுக்கிற டாக்டர் யாரு? எந்த கிளினிக்? அடுத்த தடவை நானும் வரேன், நாலு கேள்வி கேக்கணும். அதுவரைக்கும் இதைத் தொடாதே."

பெட்டி அவள் கைப்பைக்குள் போனது.

மருதப்பன் புதுப் பொய் தேடினான். குடும்பத்தில் மாரடைப்பு உண்டு என்று சொல்லலாமென்றால் அவனுடைய அப்பாதான் அவளுக்கும் அப்பா. தொண்ணூறு வயதுவரை தினமும் எண்ணெய் சொட்டும் ரொட்டி பிராட்டா சாப்பிட்டும் நெஞ்சு நோகாத மனிதர். பத்து நாள் மாத்திரை இல்லாமல் ஓடியது. பதினோராம் நாள் எம்ஆர்டி ரயில் நிலையப் படியில் நெஞ்சு படபடத்தது. பயத்திலா, நோயிலா, தெரியவில்லை. செத்தால் இதய நோயாளியாகக் கௌரவமாகச் சாகலாமே என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்புதான் அவனை உலுக்கிவிட்டது. மானத்தைக் காப்பாற்ற மாரடைப்பை வாங்குகிற மடையன் உலகத்தில் வேறு யார் இருப்பான்?

வீட்டுக்கு வந்து அக்காவை உட்காரச் சொன்னான்.

"அக்கா, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. பதினாறு வருஷமா. அதனாலதான் கொலஸ்ட்ரால் நல்லா இருந்தும் நெஞ்சுக்கு ஆபத்து. அந்த மாத்திரை எனக்கு வேணும்."

எப்படி வந்தது என்று பஞ்சவர்ணம் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து பெட்டியை மேசைமேல் வைத்தாள். சமையலறைக்குப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடியது. தண்ணீரோடு திரும்பி வந்தாள், பேப்பர் கப்பில். பரிசோதனைக்கு வரும் முன்பின் தெரியாதவர்களுக்கு அவள் நீட்டுகிற கப்.

மருதப்பனுக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் சாதியாவின் எந்தப் பரிசோதனையிலும் இது வராது. எழுந்துபோய்த் தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்தான். கப்புத் தண்ணீரை அதில் ஊற்றி, மாத்திரையை விழுங்கி, டம்ளரை அவள் முன்னால் வைத்தான்.

"ஊர்ல பாதிப் பேருக்கு பிரஷர் பாக்கிறே. டம்ளர்ல இது ஒட்டாதுன்னு உனக்கு நான் சொல்லணுமாக்கா?"

அவள் கண் கலங்கியது.

"தெரியும்டா. எனக்குத் தெரியும். கைதான் கேக்க மாட்டேங்குது."

டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை இரண்டு விரல்களால் பிடித்துக் கழுவ எடுத்துப்போனாள். மருதப்பன் அந்த விரல்களை எண்ணிக்கொண்டான். நாளைக்கு மூன்றாகிறதா என்று பார்க்க வேண்டும்.