ஐந்தும் ஒரே மஞ்சள்

கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம். என் முனைவர் பட்ட ஆய்வில் பாக்கியிருந்தது ஒரே ஒரு அத்தியாயம். மாதுளைத் தோலை மைக்ரோவேவில் எவ்வளவு பவரில், எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீரில் வைத்தால் அதிகச் சாயம் இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பிரசவத்துக்கு முன் முடிக்காவிட்டால் அது முடியவே முடியாது.

"நான் செய்யறேன். நீ படுத்துகினே சொல்லு, சுகன்யா" என்றார் ஹேமநாத். என் வீட்டுக்காரர், ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நான் எழுதிக் கொடுத்த சோதனை வரிசைப்படி அவர் சமையலறையில் மைக்ரோவேவை ஓட்ட, வடித்த சாயத்தைக் கல்லூரியில் இரவல் வாங்கிய நிறமளக்கும் கருவியில் நான் கட்டிலிலேயே அளந்தேன். மாலையில் என் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்ப்பதும் அவர்தான். மிஷினைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "நூத்தியிருபது, எண்பது. ஒரு பேஜாரும் இல்ல" என்பார்.

வரிசையில் ஐந்து தடவை ஒரே அளவு வரும்: நடு பவர், நடு நேரம், நடு தண்ணீர். கடைசி பாட்டிலையும் அளந்தேன். ஐந்தும் அச்சு அசலாக ஒன்று. மாதுளைத் தோல் இப்படிச் சொன்ன பேச்சு கேட்கிற ஜாதி இல்லை.

"இன்னாங்க பண்ணீங்க?"

திருதிருவென்று முழித்தார். "அஞ்சும் ஒரே அளவுன்னு சொன்ன. ஒண்ணு வெளுப்பா வந்துச்சு, இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். ஒண்ணு கெட்டியா வந்துச்சு, தண்ணி ஊத்தினேன். மொதல்ல வந்ததோட வச்சுப் பாத்து நெறத்தைச் சேத்துட்டேன்."

பட்டறைப் புத்தி! ஒரு புடவைக்கான நூலை இரண்டு தடவையாகச் சாயம் போட்டாலும் நிறம் சேர வேண்டும்; சேராவிட்டால் நெசவாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கை என் ஆய்விலும் புகுந்துவிட்டது.

"ஒரே மாதிரி செஞ்சாலும் அது தானா எவ்ளோ ஏறி இறங்குதுன்னு பாக்கத்தாங்க அஞ்சு தடவை! அது தெரியாம, பவர மாத்தினதால நெறம் கூடுச்சா, சும்மாவே கூடுச்சான்னு எப்படிச் சொல்றது?"

"என் கை சரியில்லன்னு உங்க கைடு சார் உன்னைத் திட்டுவாரோன்னு நெனச்சேன்."

இந்த மனுஷனிடம் கோபத்தை ஐந்து நிமிஷம் பிடித்துவைக்கக்கூட எனக்குத் தெரியாது.

வரிசை முழுவதையும் முதலிலிருந்து ஓட்டினார். இந்தத் தடவை ஐந்தும் ஐந்து விதமாக வந்தன. அவர் முகம் தொங்கிப்போயிற்று. எனக்கோ அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அத்தியாயம் பிழைத்துவிட்டது.

அன்று மாலையும் பட்டையைக் கட்டினார். "நூத்தியிருபது, எண்பது."

தினமும் அதே எண். நான் அவரையே பார்த்தேன்.

"இதையும் சேத்துட்டீங்களா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "டாக்டரம்மாகிட்ட நெஜத்தைத்தான் சொல்லிகினு இருக்கேன். உனக்குத் தெரிஞ்சா இன்னும் ஏறுமேன்னு..."

மிஷினை என் பக்கம் திருப்பினேன். நூற்று முப்பத்தெட்டு, எண்பத்தெட்டு. பயமாகத்தான் இருந்தது. அவர் கையைப் பிடித்தேன். இத்தனை நாளும் இந்தப் பயத்தை அவர் ஒருவரே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் சேந்தே பாப்போம்ங்க" என்றேன்.