எட்டாம் பாட்டனாரின் மேட்டில் பன்னிரண்டு பேர்

ஓட்டப் பாதை வகுப்பதில் தா-ஹேவை மிஞ்ச அந்த ஓட்டக் கிளப்பில் ஆள் இல்லை. கொரியாவின் ஆன்டோங் நகரத்துப் பழைய ஓட்டுவீட்டுத் தெருவில் தொடங்கி, மூன்று குன்றுகளை ஏறி இறங்கி, ஆற்றங்கரைக் கல்விச்சாலையின் வாசலில் முடியும் இருபத்தொரு கிலோமீட்டர். அதில் தார்ச் சாலை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அக்டோபர் பந்தயத்துக்கு முந்நூறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

சிக்கல் மூன்றாவது குன்றில்தான் இருந்தது. அது பியோன் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்களுடைய எட்டுத் தலைமுறை முன்னோர்கள் அங்கே புல் போர்த்திய மண்மேடுகளின் கீழே உறங்குகிறார்கள். குடும்பத் தலைவர் முன்-தே அனுமதி மனுவில் முத்திரை குத்திக் கொடுத்தால்தான் அந்த வழியே யாரும் ஓட முடியும். அவருடைய மகன் இன்-சோப் இரண்டு வருஷமாகத் தா-ஹேவோடு ஓடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சமையலறையில் வெங்காயமும் நறுக்குகிறான். வீட்டில் மட்டும் அவளைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

"முதல்ல பாதைக்குச் சம்மதம் வாங்கிடறேன், அப்புறம் நம்ம விஷயம்" என்றான் போன வாரம். "ரெண்டையும் சேர்த்துக் கேட்டா ரெண்டுக்கும் முடியாதுன்னுடுவார்."

"போன வருஷம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும்னே. அப்புறம் அக்கா கல்யாணம் முடியட்டும்னே. இப்ப பாதையா? அடுத்தது என்ன, மழை நிக்கட்டுமா?"

"கோவிச்சுக்காத."

"கோவமில்ல, கணக்கு. எனக்கு முப்பத்தேழு. ஒரு தடவை கல்யாணம் பண்ணி முறிச்சுக்கிட்டு வந்தவ. யாரும் என்னை ஒளிச்சு வெக்க வேண்டாம். அறுவடைத் திருநாளுக்குள்ள உங்க அப்பாகிட்ட சொல்லு. இல்லைன்னா நீ உன் வழி, நான் என் வழி."

திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெள்ளோட்டம். மூன்றாவது குன்றுக்கு இன்னும் அனுமதி இல்லை என்பதால் அதன் அடிவாரத்தோடு வலப்பக்கம் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. வழிகாட்ட முந்தின நாள் மாலையே இன்-சோப் மரக்கிளைகளில் இளஞ்சிவப்பு நாடா கட்டி வைத்திருந்தான். அந்த மலைப்பக்கத்தில் வரைபடத்தை யாரும் பார்ப்பதில்லை. நாடா எங்கே ஆடுகிறதோ அங்கே போவார்கள். தா-ஹே முன்னால் ஓடினாள். யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்ள, கிளப் வழக்கப்படி இன்-சோப் கடைசியில் வந்தான். நடுவில் பத்துப் பேர்.

அடிவாரத்துப் பிரிவில் வலப்பக்கம் இலைகளுக்குள் ஒரு நாடா தொங்கியது. இடப்பக்கமும் ஒன்று தொங்கியது, சற்றுத் தாழ்வாக, கண்ணுக்கு நேரே. திருநாள் கணக்கிலேயே மனம் இருந்த தா-ஹே யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பினாள். நாடாவுக்குப் பின் நாடாவாக, இடுப்பளவு புதருக்கு நடுவே ஏற்றம் செங்குத்தாகப் போயிற்று.

"அம்மா தாயே, இது ஓட்டமா, தேடுதல் வேட்டையா?" என்று பின்னால் மூச்சு வாங்கினார் பேருந்து ஓட்டுநர் பில்-ஹோ. "உங்க ஆளு நாடாவைக் குடிச்சிட்டுக் கட்டினானா?"

"பேசாம வாங்கண்ணே. மூச்சு மிச்சமாகும்."

மேலே எங்கோ புல்வெட்டும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. புதர் விலகி வெளிச்சம் வந்தபோது அது நின்றுவிட்டது.

எதிரே பாதி மழித்த தலைபோல ஒரு மண்மேடு. அதன் முன்னால் கல்மேடையில் ஆப்பிள், உலர்ந்த மீன், அரிசிக் கள். கழுத்தில் துண்டும் கையில் வெள்ளைக் கையுறையுமாக நான்கு ஆண்கள் அவளை வெறித்துப் பார்த்தார்கள். திருநாளுக்கு முன்பு மூதாதையர் மேட்டில் புல் வெட்ட வந்த குடும்பம். நடுவில் நின்ற பெரியவரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. இன்-சோப்பின் மூக்கு அப்படியே அங்கே இருந்தது.

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் புதரிலிருந்து முளைத்தார்கள்.

"யாரும்மா நீங்கல்லாம்?" என்றார் முன்-தே.

"மன்னிக்கணும் ஐயா, ஓட்டக் கிளப். நாடாவைப் பார்த்து வந்துட்டோம்."

"அது நான் கட்டினது" என்றார் பெரியவரின் தம்பி ஹாக்-கி. "வருஷா வருஷம் புதர்ல வழி தெரியாமப் போகுது. கொட்டகையில அரைச் சுருள் நாடா கெடந்தது, கட்டினேன்."

அந்தச் சுருளை அங்கே போட்டவன் அப்போதுதான் கடைசி ஆளாகப் புதரைவிட்டு வெளியே வந்தான். அரைக்கால் சட்டை, நெஞ்சில் எண், முகமெல்லாம் வேர்வை.

முன்-தே மகனைப் பார்த்தார். அப்புறம் அவன் முழங்காலைப் பார்த்தார்.

"டேய், முட்டி வீங்கிப்போச்சு, நடக்க முடியல, புல் வெட்ட வரலைன்னு சொன்னியே?"

"இப்பக் கொஞ்சம் பரவால்லப்பா."

"பரவால்லதான். மலையே ஏறிட்ட" என்றார் ஹாக்-கி. பில்-ஹோ இருமுவதுபோலச் சிரித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. "முன்னாடி வந்ததே ஒரு பொண்ணு, யாரு அது?"

தா-ஹே இன்-சோப்பையே பார்த்தாள். பாதையும் அனுமதியும் அவளுக்கு மறந்தே போயின. ஒரு வாக்கியம், அதற்குத்தான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள்.

இன்-சோப் நெஞ்சிலிருந்த எண்ணை நேராக்கினான். "கிளப் செயலாளர்ப்பா."

"ஆமாங்கய்யா" என்றாள் தா-ஹே. "பந்தயப் பாதைக்கு உங்ககிட்ட மனு குடுத்திருக்கோம்."

"படிச்சேன். மேட்டுக்குப் பின்னாடி வழி போட்டிருக்கே. பாட்டனார் தலைமாட்டுல யாராவது ஓடுவாங்களா? காலடிப் பக்கமா இறக்கிப் போடு, முத்திரை குத்தறேன். முந்நூறு பேர் மிதிச்சா புதராவது அடங்கும்."

"இன்னும் ஐம்பது மீட்டர் ஏத்தம் கூடும் ஐயா."

"ஓடறது நான் இல்லையே."

"சரிங்க. மாத்திடறேன்." தலை தாழ்த்தி வணங்கிவிட்டுத் திரும்பினாள். "கிளம்பலாம் எல்லாரும். இன்-சோப் அவர்களே, உங்களுக்கு இங்க குடும்ப வேலை இருக்கும். நாடாவை நாங்களே அவிழ்த்துக்கறோம்."

அவனை 'நீங்க' என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

இருபது அடி இறங்கியிருப்பாள்.

"அப்பா, அவ செயலாளர் மட்டும் இல்ல."

தா-ஹே நின்றாள். திரும்பவில்லை.

"ரெண்டு வருஷமாப் பழகறோம். கட்டிக்கணும்னு இருக்கேன். சொல்லப் பயமா இருந்துச்சு. கண் ஆபரேஷன்னு தள்ளினேன், அக்கா கல்யாணம்னு தள்ளினேன். அவ ஏற்கெனவே கல்யாணமாகி முறிச்சுக்கிட்டவ. அதனால பயம்னு இல்ல, எனக்கு எல்லாமே பயம்தான். முட்டியும் பொய்தான்."

இறங்கத் தொடங்கிய பத்துப் பேரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்க வாம்மா" என்றார் முன்-தே. அவள் ஏறி வந்ததும் கேட்டார். "குழந்தை இருக்கா?"

"இல்லைங்க."

"ஜீவனத்துக்கு?"

"பழைய தெருவுல மீன் சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன்."

"இவன் சொல்றது நிஜமா?"

"நிஜம். ஆனா ரொம்ப லேட்."

"லேட்டுதான்" என்று ஒத்துக்கொண்ட பெரியவர் மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, கள் ஊத்தி வெச்சு, பாட்டனார் முன்னாடியே நின்னுக்கிட்டு செயலாளர்னு பொய் சொல்றியா? வீட்டுக்கு வரப்போறவளை யாரோ வழிப்போக்கர் மாதிரி நிக்க வெச்சுட்டியே! படைச்சது அத்தனையும் வீணாச்சு. ஹாக்-கி, அந்தக் கள்ளைக் கொட்டிட்டுப் புதுசா ஊத்து. மறுபடியும் கும்பிடணும்."

"அண்ணே, பசிக்குது."

"பாட்டனாருக்குப் பொய்யைப் படைச்சிட்டுச் சோறு திம்பியா?"

ஹாக்-கி முணுமுணுத்துக்கொண்டே புட்டியைத் திறந்தார். இன்-சோப் கையுறை மாட்டிக்கொண்டு மேடையைத் துடைத்தான். தா-ஹே காலணியைக் கழற்றிவிட்டு, எண் குத்திய சட்டையோடு, மேடை முன் விரித்திருந்த பாய் ஓரத்தில் நின்றாள். பதினாலு கிலோமீட்டர் ஓடிய தொடைகள் வெடவெடத்தன.

"எத்தனை தடவை கும்பிடணும்?" என்று இன்-சோப்பிடம் கிசுகிசுத்தாள்.

"ஆம்பளைங்க ரெண்டு. பொம்பளைங்க நாலு."

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள நாலா?" என்றார் ஹாக்-கி. "பாவம், ஓடி வந்த பொண்ணு. சும்மா தலைய ஆட்டினாப் போதும், விருந்தாளிதானே."

"விருந்தாளிக்கு எதுக்குடா புதுக் கள் ஊத்தச் சொன்னேன்?" என்றார் முன்-தே. "நாலு."

தா-ஹே இன்-சோப்பைப் பார்த்தாள். "நான் இன்னும் உன்னை மன்னிக்கல. இது உங்க பாட்டனாருக்காக."

"தெரியும்."

மூன்றாவது வணக்கம்வரை எழுந்துவிட்டாள். நான்காவதில் நெற்றி தரையில் இருக்க, தொடைகள் சொன்னபடி கேட்க மறுத்தன. பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக் கையுறை நீண்டது. அவள் அதைச் சற்று நேரம் காக்க வைத்தாள். பிறகு பிடித்துக்கொண்டு எழுந்தாள்.